நொத்தேர் நல்லவனான கதை

அந்த நாவலை எழுதியவன் பெயர் எனக்கு இப்போது நினைவில்லை. நினைவிருந்தாலும் சொல்லப் போவதில்லை. பிரான்சில் எங்கோ நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, முந்நூறு பக்கத்தைக் கடனே என்று எழுதித் தள்ளிய ஆள். அவன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அவன் மட்டும் கொஞ்சம் உருப்படியாக எழுதியிருந்தால் நானும் உள்ளது உள்ளபடி வாசித்துவிட்டுப் போயிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாப் பழியையும் அவன் தலையில் போட்டுவிட்டால் நிம்மதியாக இருக்கலாம். முயன்று பார்த்தேன், முடியவில்லை.

சைகோனைப் பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம் அது. நான் அங்கே நீதிமன்றத்தில் தமிழ் துபாசி. புதுச்சேரி, காரைக்கால் பக்கத்து ஆட்கள் வழக்கு என்று வந்து நின்றால், அவர்கள் தமிழில் சொல்வதை நீதிபதிக்குப் பிரெஞ்சில் சொல்வதும், நீதிபதி சொல்வதை அவர்களுக்குத் தமிழில் சொல்வதும் என் வேலை. வேலையில் சேர்ந்த அன்று கையை உயர்த்திச் சத்தியம் செய்திருந்தேன்: கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று. அந்தச் சத்தியத்தை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. சாட்சி திக்கினால் நானும் திக்குவேன். ஒருமுறை ஒரு துணிக்கடைக்காரர் எதிராளியைப் பார்த்து அசிங்கமாக ஒரு வார்த்தை சொன்னார். அதையும் பிரெஞ்சில் அப்படியே சொன்னேன். நீதிபதியின் காது சிவந்துபோனது. “அந்தத் துபாசி வாயில் பொய் வராது” என்று எங்கள் ஆட்கள் மத்தியில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஒரு வருஷம், தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு மறுநாள், என் அக்கா ஒரு டிரங்குப் பெட்டியோடும் ஆறு வயது மகளோடும் ரிக்‌ஷாவில் வந்து என் வீட்டு வாசலில் இறங்கினாள். எனக்கு அப்போது கல்யாணமாகவில்லை. சந்தைக்குப் பின்புறத் தெருவில் இரண்டு அறை வைத்துக்கொண்டு தனியாக இருந்தேன். அக்காவுக்குப் பதினாறு வயதில் கல்யாணம் ஆகிவிட்டதால் பிரெஞ்சு படிக்கக் கொடுத்துவைக்கவில்லை. அத்தான் சுங்க இலாகாவில் குமாஸ்தா. தொப்பி, கழுத்துப் பட்டை, கோயிலில் முன் பெஞ்சு என்று மதிப்பாக வாழ்கிற மனிதர்.

“நான் இனிமே அங்க போகல தம்பி” என்றாள் அக்கா, பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே.

அத்தானுக்கு வேறொரு குடும்பம் இருக்கிறது என்று அவளுக்குச் சந்தேகம். யாரும் வந்து சொல்லவில்லை. அவளாகக் கண்ணால் பார்த்துச் சேர்த்தது. “சட்டைப் பொத்தானை நான் ரெண்டு கோடா தைப்பேன்டா. அவர் சட்டையில மூணாவது பொத்தான் பெருக்கல் குறி மாதிரி தைச்சிருக்கு. நான் தைக்கல. அப்ப யாரு தைச்சா?” என்றாள். அந்த நாட்டுக்காரர்களான அன்னமியர்களின் மீன் சாறான நுக்மாம் என்றாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறவர், சந்தையில் கடைக்காரியிடம் எது முதல் தரம், எது மட்டம் என்று வாதாடினாராம். “அது நம்ம வீட்டுல ஒரு நாளும் வாங்கினதில்ல. எந்த வீட்டுல சாப்புட்டுப் பழகினாரு?” என்றாள். கேட்டால் அத்தான் கோபப்பட மாட்டார். அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். பாவம் என்பதுபோல் பார்ப்பார். “புள்ள பெத்ததுலேருந்து உனக்கு நரம்பு சரியில்லம்மா” என்பார். டாக்டரிடம் அழைத்துப் போய்ச் சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தார். எங்கள் ஆட்கள் வீடு ஒன்று விடாமல் போய், “அவளுக்கு இல்லாததெல்லாம் தோணுது, பார்த்து நடந்துக்குங்க” என்று கண் கலங்கச் சொல்லி வைத்தார். எல்லோரும் நம்பினார்கள்.

அக்கா வந்த வாரமே எங்கள் மாதா கோயில் சாமியார் வீட்டுக்கு வந்தார். காரைக்காலில் பத்து வருஷம் இருந்த பிரெஞ்சுக்காரர். நன்றாகத் தமிழ் பேசுவார். தவக்காலம் முழுக்கச் செபம் பண்ணி யோசி, ஈஸ்டர் என்கிற பாஸ்கா ஞாயிறு பூசைக்கு உன் புருஷனும் வருவார், அன்று ஒரு முடிவோடு வா என்று சொல்லிவிட்டுப் போனார். நாற்பது நாள் தவணை. போகும்போது என்னைப் பார்த்து, “நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்டார்.

“ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு சாமி” என்றேன். ஒரு பக்கத்து நியாயத்தை நான் கேட்டதே இல்லை. ஆனாலும் அப்படித்தான் சொன்னேன். இரண்டு பேருக்கு நடுவில் நின்று சம்பளம் வாங்கிப் பழகியவனுக்கு யார் பக்கமும் போய் நிற்கத் தெரியவில்லை.

அக்கா அதைக் கேட்டாள். அன்று முதல் சரியாகச் சாப்பிடவில்லை. மகளுக்குத் தலை வாரிக்கொண்டே இருப்பாள், பாதி வாரி நிறுத்திவிட்டு, “ஒருவேளை அந்தப் பொத்தானை நான்தான் அப்படித் தைச்சேனோ?” என்பாள். அவள் மனத்தைக் கொஞ்சம் வேறு பக்கம் திருப்பலாம் என்று நினைத்துத்தான் வெள்ளைக்காரர் கடைகள் இருக்கும் கத்தினா என்ற வீதிக்குப் போய் அந்த நாவலை வாங்கி வந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அட்டையைச் சுற்றி ஒரு சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. கடைசிப் பக்கத்துக்கு முன்னால் இந்த மர்மத்தைக் கண்டுபிடிப்பவர் யாருமில்லை என்று அதில் அச்சடித்திருந்தார்கள். கடைக்கார வெள்ளைக்காரன் வேறு, “இது புது மாதிரி, முசியே. துப்பறிகிறவன் கிடையாது, கத்தி கிடையாது, எல்லாம் மனசுக்குள்ளேயே நடக்கிறது” என்று அளந்தான். எனக்கு மர்ம நாவல் என்றால் உயிர். நாளெல்லாம் அடுத்தவன் வார்த்தையையே பேசிப் பேசி அலுத்துப்போன எனக்கு, யார் செய்தார்கள் என்று சொந்தமாக ஊகிக்கிற ஒரே இடம் அதுதான்.

அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் புத்தகங்களின் தாள்களை வெட்டாமல்தான் விற்பார்கள். பெரிய தாளை மடித்துத் தைத்து அப்படியே கொடுத்துவிடுவார்கள். நாம்தான் மடிப்புகளைக் கத்தியால் கிழித்துப் பிரித்துக்கொண்டே வாசிக்க வேண்டும். அந்த வேலையை அக்கா எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் பிரெஞ்சு எழுத்து தெரியாது. ஆனாலும் சாப்பாட்டு மேசைக் கத்தியை வைத்துக்கொண்டு நூல் பிடித்த மாதிரி நேராகக் கிழிப்பாள். ஒரு நாளைக்கு எட்டுப் பக்கம். “முன்னாடியே கிழிச்சா நீ திருட்டுத்தனமா வாசிச்சிருவ” என்பாள். மதியம் ஆபீசெல்லாம் மூடி ஊரே படுத்துக் கிடக்கும் நேரத்தில், ஜன்னல் கதவுகளைச் சாத்திவிட்டு, நான் பிரெஞ்சைப் பார்த்துத் தமிழில் வாசிப்பேன். உள் அறையில் குழந்தை தூங்கும். வெயில் அந்த மாதங்களில் கொளுத்தும். அக்கா முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு காலை நீட்டிக் கேட்பாள்.

கதை இதுதான். பிரான்சில் ஒரு சிறிய ஊர். நொத்தேர் ஒருவன், பத்திரம் எழுதிப் பதிகிறவன், அவனுடைய மனைவி. ஊரில் பலருக்கும் அவள் கையெழுத்தில் கேவலமான கடிதங்கள் வருகின்றன. அவளோ நான் எழுதவில்லை என்கிறாள். கடிதத்தைக் காட்டுகிறார்கள், எழுத்து அவளுடையதுதான். புருஷன் அவளைக் கடிந்துகொள்வதில்லை. தலையைத் தடவி, ஓய்வெடு என்கிறான். டாக்டர் வருகிறார். ஊர் அவளைப் பார்த்து ஒதுங்குகிறது. புருஷனின் நொண்டி அக்கா ஒருத்தி, தோட்டக்காரன் ஒருவன், அந்த டாக்டர் என்று வரிசையாக ஆட்களை நிறுத்தி, இவனா அவளா என்று நம்மை அலையவிடப் பார்க்கிறான் எழுதியவன்.

இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு வரி வருகிறது. நொத்தேர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வாத்தியார் கையெழுத்தை அப்படியே போட்டு அடி வாங்கினானாம். போகிற போக்கில் சொல்வது போல் சொல்லிவிட்டு எழுதியவன் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டான். நான் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். இதற்கா அந்தச் சிவப்புக் காகிதம்?

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். “அவன்தான்டா” என்றாள். “அந்தப் புருஷன்தான்.”

“அது எனக்குத் தெரியாதா? யாருக்குத்தான் தெரியாது?” என்று எரிந்து விழுந்தேன். “அது இருக்காதுக்கா. இவ்வளவு வெளிப்படையா யாரும் எழுத மாட்டாங்க. நம்மள ஏமாத்தறதுக்காகப் போட்டிருக்கான். கடைசியில வேற ஆளா இருக்கும் பாரு.”

“இல்ல, அவன்தான். அவ தலையத் தடவுறான் பாத்தியா? அதுலயே தெரியுது.”

அன்று அவள் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டாள். நான் கவனித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. புத்தகத்தோடு சண்டை போடுவாள். டாக்டர் அந்தப் பெண்ணுக்கு மருந்து கொடுக்கிற இடம் வந்ததும், “குடிக்காதடி” என்று சத்தமாகச் சொன்னாள். உள்ளே தூங்கின குழந்தை விழித்துக்கொண்டது. மறுநாள் அவளுடைய சொட்டு மருந்துப் புட்டியை முற்றத்தில் கவிழ்த்துக் கொட்டுவதைப் பார்த்தேன். பொத்தானை நான்தான் தைத்தேனோ என்ற பேச்சு நின்றுபோனது.

பாதிப் புத்தகம் போயிருக்கும். ஒரு நாள் தாளைக் கிழித்துக்கொண்டே சொன்னாள்: “ஊர்ல பூக்கட்டிப் பாப்பாங்கல்ல தம்பி, வெள்ளைப் பூவா சிவப்புப் பூவான்னு? அது மாதிரின்னு வெச்சுக்கயேன். இந்தப் பொண்ணு சொல்றது நெசம்னு முடிஞ்சா நான் அங்க திரும்பிப் போறதில்ல. பாஸ்கா அன்னைக்குச் சாமியார்கிட்ட நேரா சொல்லிருவேன்.”

பொட்டலத்தில் பூ வைத்து மடித்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லி, வந்த பூவைச் சாமி வாக்காக எடுத்துக்கொள்கிற வழக்கம் அது. எங்கள் வேதக்காரர்கள் செய்யக் கூடாது. ஆனால் எங்கள் தெருப் பெண்கள் சாமியாருக்குத் தெரியாமல் செய்வார்கள். “நாவலை வெச்சா பூக்கட்டிப் பாக்குற? பாவசங்கீர்த்தனத்துல இதையும் சேத்துச் சொல்லு” என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவள் சிரித்ததால் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டேன். அப்படித்தான் எடுத்துக்கொண்டேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

நானோ நாளுக்கு நாள் வெந்துகொண்டிருந்தேன். நொத்தேரின் விரலில் மைக்கறை என்றான். நொத்தேரின் மேசையில் பூட்டிய இழுப்பறை என்றான். ஒவ்வொரு அத்தியாயத்திலும் எழுதியவன் மணியடித்து அறிவித்துக்கொண்டே போனான். பொறுக்க முடியாமல் ஒரு நாள் அக்கா குளிக்கப் போன நேரத்தில், வெட்டாத கடைசி மடிப்பை விரலால் வளைத்து, ஓட்டை வழியாகப் பார்க்கிற மாதிரி உள்ளே பார்த்தேன். நொத்தேர் நாலு பக்கத்துக்கு மூச்சு விடாமல் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். மனைவியின் வீடும் நிலமும் அவனுக்கு வேண்டுமாம். அவளைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டால் எல்லாம் கைக்கு வந்துவிடுமாம். அவ்வளவுதான். ஒரு திருப்பம் கிடையாது. மனசின் ஆழமாவது மண்ணாவது. நான் ஒரு மாதம் மெனக்கெட்டு மொழிபெயர்த்தது இந்தக் குப்பையையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகத்தில் யாரோ துப்பிவிட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் நீதிமன்றத்தில் வழக்கு ஒத்திப்போய்விட்டது. பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தபோது அந்த யோசனை வந்தது. கடிதங்களை எழுதியது அந்தப் பெண்ணேதான் என்றால்? தூக்கத்தில் எழுந்து போய் எழுதுகிறாள், விழித்தால் நினைவில்லை. புருஷனுக்குத் தெரியும். வெளியில் சொன்னால் அவள் மானம் போய்விடும் என்று மறைக்கிறான். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்ட சமாச்சாரம்? இருக்கவே இருக்கிறது: அவள் எழுதின கெட்ட கடிதங்களைத் திருடி எடுத்துவிட்டு, அவள் கையெழுத்திலேயே நல்ல கடிதங்களாக எழுதி வைக்கிறான். அதனால்தான் விரலில் மைக்கறை. அதனால்தான் பூட்டிய இழுப்பறை. ஒவ்வொன்றும் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. இதுவல்லவா முடிவு! உலகத்தில் ஒருவன் கண்டுபிடிக்க மாட்டான். பெஞ்சில் உட்கார்ந்தபடியே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்காவுக்காக வந்த கண்ணீர் இல்லை அது; என் திறமையை நானே மெச்சி வந்தது.

பெரிய சனிக்கிழமை மதியம் அக்கா கடைசி மடிப்பைக் கிழித்துக் கொடுத்தாள். விடிந்தால் பாஸ்கா. நான் தாளைப் பார்த்து, தாளில் இல்லாததை வாசித்தேன். பதினோரு வருஷம் கூட்டாமல் குறைக்காமல் பேசிய வாய் அது. ஒரு இடத்தில் கூடத் தடுமாறவில்லை. நொத்தேருக்கு அருமையாக ஒரு பேச்சு வைத்தேன். அவளுடைய அவமானத்தை நான் சுமக்கிறேன், அவள் என்னைச் சந்தேகப்பட்டால் படட்டும் என்று அவன் டாக்டரிடம் சொல்கிறான். பக்கத்தைத் திருப்ப வேண்டிய இடத்தில் சரியாகத் திருப்பினேன். முடித்துவிட்டு, எப்படி என்பதுபோல் அக்காவைப் பார்த்தேன்.

அவள் சுவரில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். “அப்ப அவளேதானா?” என்றாள்.

“அவளேதான்க்கா. யாராவது நெனைச்சிருப்பாங்களா?”

“அந்த ஆளு தலையத் தடவினதெல்லாம்?”

“பிரியத்துலதான்.”

“அந்த மைக்கறைய அவ கண்ணால பாத்தாளேடா. நான் எழுதலன்னு அவளுக்கு நல்லாத் தெரியுமே.”

“தெரியும்னு அவளுக்குத் தோணுச்சு. அதாங்க்கா வியாதி. அதுலதான் கதையே இருக்கு” என்றேன். வாத்தியார் மாதிரி விளக்கம் வேறு கொடுத்தேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். மடியில் விழுந்திருந்த காகிதத் துணுக்குகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். சாயங்காலம் டிரங்குப் பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் புத்தகத்தையும் கேட்டு வாங்கி உள்ளே வைத்தாள். “சந்தேகம் வரும்போது எடுத்துப் பாத்துக்குவேன்” என்றாள். அந்த நிமிஷம் எனக்கு உறைத்தது. உறைக்கவில்லை என்று சொன்னால் அது இரண்டாவது பொய். “அக்கா, அது கதைதானே” என்று மட்டும் சொன்னேன். “கதைதான்” என்றாள் அவள்.

மறுநாள் பூசை முடிந்து வெளியே வந்ததும், புளியமரத்தடியில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அத்தானிடம் அக்கா தானாகவே போனாள். “மன்னிச்சுக்குங்க, எனக்குத்தான் புத்தி சரியில்ல” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். அத்தான் அவள் தலையைத் தடவினார். சாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஏன் அன்றே போய் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்கலாம். இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்போது புதுச்சேரியில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புருஷனை விட்டு வந்த அக்கா வீட்டில் இருக்கிறாளாமே என்று பெண் வீட்டார் தயங்குவதாகத் தவக்காலத்தின் நடுவில் கடிதம் வந்திருந்தது. அந்தக் கடிதத்துக்கும் நான் கட்டின முடிவுக்கும் சம்பந்தமில்லை என்று சத்தியம் செய்யச் சொன்னால் என்னால் முடியாது. அக்கா போன ஐந்தாம் மாதம் என் மனைவி கப்பலில் வந்து இறங்கினாள்.

அந்த வருஷக் கடைசியில் சோலோன் போகிற டிராமுக்காக நின்றுகொண்டிருந்தேன். எதிரே அத்தான். தோளில் ஒரு இரண்டு வயதுக் குழந்தை. பக்கத்தில் ஒரு அன்னமியப் பெண், கையில் காய்கறிக் கூடை. குழந்தைக்கு அத்தானின் மூக்கு அப்படியே. அவர் என்னைப் பார்த்தார். பதறவில்லை. தொப்பியைத் தூக்கி, “பொன்ழூர், தம்பி” என்றார். நானும் தொப்பியைத் தூக்கினேன். “பொன்ழூர், அத்தான்” என்றேன். அக்காவிடம் சொல்லவில்லை. குடும்பம் ஒன்றாக இருக்கிறது, கலைப்பானேன் என்று நினைத்ததாக ஞாபகம்.

எட்டு வருஷம் அப்படியே போயிற்று. அக்கா யாரோடும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. எதைப் பார்த்தாலும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்கிற பழக்கம் வந்துவிட்டது. என் வீட்டு ஜன்னலோரம் நின்றுகொண்டு, கொட்டுகிற மழையைப் பார்த்துவிட்டு, “தம்பி, மழை பெய்யுதா, இல்ல எனக்குத்தான் அப்படித் தெரியுதா?” என்பாள். பால் திரிந்திருக்கிறதா, குழந்தைக்கு உடம்பு சுடுகிறதா, கதவைச் சாத்தினோமா, எல்லாமே அடுத்தவர் சொன்னால்தான் நிச்சயம். அத்தான் புதிதாக வேறு மருந்து வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு முறையும், “மழைதான்க்கா” என்று சொல்வேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, அக்காவும் மகளும் வந்தார்கள். மகளுக்குப் பதினாலு வயது. கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட நன்றாகப் பிரெஞ்சு பேசுவாள். அவள் கையில் அந்தப் புத்தகம் இருந்தது. லீவில் பொழுது போகாமல் பெட்டியைக் கிளறி எடுத்து வாசித்திருக்கிறாள் என்று புரிந்துகொண்டேன்.

அக்கா உட்காரவில்லை. “கடைசி அத்தியாயத்த இன்னொரு தரம் வாசி தம்பி” என்றாள். “இவ கூடவே பாத்துக்கிட்டு வருவா.”

புத்தகத்தை மேசையில் விரித்தோம். நான் வாசித்தேன். மகள் என் தோளுக்குப் பின்னால் நின்று வரிகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் அக்கா என்னைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தாள். மகள் தலையை ஆட்டிய பிறகுதான் அடுத்த வாக்கியத்துக்குப் போக விட்டாள். நீதிமன்றத்தில் எனக்கு மேல் இன்னொரு துபாசியை யாரும் ஒரு நாளும் வைத்ததில்லை. நொத்தேர் நாலு பக்கத்துக்கு ஒப்புக்கொண்டான். அவன்தான் எழுதினான், அவள் ஒன்றைக்கூட எழுதவில்லை. கடைசிப் பத்தியில் அந்தப் பெண் காலை ரயிலில் ஏறி அந்த ஊரை விட்டுப் போய்விடுகிறாள். எவ்வளவு மட்டமான வாக்கியங்கள்! அன்றைக்கும் எனக்கு அது தோன்றியது, வெட்கமில்லாமல்.

முடித்தேன். திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன்.

“அன்னைக்கு நீயா கட்டினதா அது?” என்றாள்.

“ஆமாக்கா.”

“எதுக்குடா?”

ஏதாவது நல்ல காரணம் சொல்ல வேண்டும் என்று தேடினேன். உன் நல்லதுக்காக, குடும்பத்துக்காக, குழந்தைக்காக என்று எத்தனையோ இருந்தன. மகள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எதைச் சொன்னாலும் அவளைப் பார்த்துத்தான் அக்கா நிச்சயம் செய்துகொள்வாள் என்று தோன்றியது.

“கதை சப்புன்னு இருந்துச்சுக்கா” என்றேன்.

அக்கா புத்தகத்தை மூடி மகளிடம் கொடுத்தாள். “எனக்கு அந்தச் சப்புன்னு இருந்ததே போதுமா இருந்திருக்கும்டா தம்பி” என்றாள்.